கறி தின்ற நாட்களின் மாத்திரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சித்தேரி மலையடிவாரத்தில் நான் மாத்திரைப் பையோடு போய்வரும் மூன்று ஊர்களிலும் இது தெரியாத ஆள் கிடையாது. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாயிலிருக்கும் புகையிலையைத் துப்பிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சோற்றுத் தட்டில் இருக்கும் ஊறுகாயை விரலால் ஓரம் தள்ளி மறைக்கிறவர்கள் உண்டு. வெளியே கத்தினாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. பயம் இருந்தால்தான் மருந்து உள்ளே போகும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு என் கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தேன். பன்னிரண்டு நாள் அவர் மாத்திரை போடவில்லை. போட்டதாக எனக்குக் காட்டினார், நானும் பார்த்து எழுதிக்கொண்டேன். அது எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை சிக்கலானது ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, நெஞ்சு நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே போய், பி.பி. பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, படிவத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றால்தான் மாத்திரை. பாதிப் பேர் இரண்டே மாதத்தில் விட்டுவிடுவார்கள். வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் விடமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் வாங்கி வைத்துக்கொள்வது வேறு, விழுங்குவது வேறு. "போட்டீங்களா?" என்று கேட்டால் போடவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "போட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்கள். பி.பி. மெஷின் வேறு கதை சொல்லும்.

ஒருநாள் ஒரு வீட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நான்கு மாத மாத்திரை அப்படியே கிடப்பதைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை. காட்டாதவர்களுக்குத் திட்டு, அதுவும் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி. அடுத்த மாதத்திலிருந்து ஊரே மாறிவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் மஞ்சப்பையில் போட்டு சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். என் படிவத்தில் விடாமல் போடுகிறவர்களின் வரிசை நிரம்பிக்கொண்டே போனது. மாதாந்திரக் கூட்டத்தில் வட்டார மருத்துவ அலுவலர் என் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "இவங்க எப்படிப் பண்றாங்கன்னு கேட்டுக்கங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

என் கணக்கில் இருந்த நெஞ்சு நோயாளிகளில் ஒருவர் என் அண்ணன்.

எங்கள் அப்பா சாகும்போது எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அன்றிலிருந்து ஏர், மாடு, இரண்டு ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு, அம்மா, நான் எல்லாம் அண்ணன் தலையில் விழுந்தோம். என்னைப் பத்தாவது வரைக்கும் சைக்கிளில் வைத்துக்கொண்டுபோய் பாப்பிரெட்டிப்பட்டியில் விட்டவர் அவர்தான். எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, தலையில் நரை வந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். அவரைப் பார்த்து அண்ணியும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அண்ணன் சிரிப்பார். "எங்கூட்டுப் பாப்பா வந்தா கலெக்டர் வந்த மாதிரி" என்று டீக்கடையில் சொல்லுவாராம்.

அவருக்கு முதல் தடவை வலி வந்தது கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோது. தாடையிலிருந்து இடது கை வரைக்கும் இழுக்கிறது, சட்டை நனைந்து ஊற்றுகிறது. போனில் அண்ணி சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் ஈ.சி.ஜி. எடுத்து தர்மபுரி பெரியாஸ்பத்திரி டாக்டருக்குப் படம் அனுப்பினார். ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. மாத்திரைகளை மெல்லச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் நெஞ்சுக்குழாயில் ஸ்பிரிங் வைத்துவிட்டார்கள். ஸ்டென்ட்டை எங்கள் பக்கம் ஸ்பிரிங் என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் நாள் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அப்பாவுக்குக் கிடைக்காதது அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். அந்த அழுகை சந்தோஷ அழுகை. அவரைக் காப்பாற்றியதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னவயது டாக்டரம்மா அண்ணனையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு மாத்திரை. வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. ஸ்பிரிங் மேல ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா ஸ்பிரிங் அடைச்சுக்கும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாமப் போயிடும்." நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டினார். "நான் பாத்துக்கறேன் மேடம், இவரு என் கைக்குள்ளதான் இருக்காரு" என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன்.

இரண்டு மூன்று மாதம் சுத்தமாகப் போனது. அண்ணன் பீடியை விட்டார். அண்ணி எண்ணெயைக் குறைத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அடுப்பில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா வாசனை வாசலுக்கே வந்தது. எனக்குச் சுருக்கென்று ஏறியது. பையை வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏண்ணா, ஒரு பக்கம் கோழியடிச்சுத் தின்னுட்டு இன்னொரு பக்கம் மாத்திரை போட்டா என்ன பிரயோஜனம்? கறி தின்னா போடற மாத்திரையெல்லாம் வீண், பாத்துக்க!"

அண்ணன் சிரித்துக்கொண்டே, "சரிங்க டாக்டரம்மா" என்றார். அண்ணி குழம்பை இறக்கிவைத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

நான் சொன்னதன் அர்த்தம் என்ன? கொழுப்பைக் குறைத்துக்கொள், கறியை அடிக்கடி தின்னாதே என்பதுதான். ஆனால் எங்கள் ஊரில் மருந்தென்றால் பத்தியம். எனக்கு ஏழெட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லை, எண்ணெயில்லை, கறியை மோந்துகூடப் பார்க்கக்கூடாது. மருந்து வயிற்றில் இருக்கும்போது கறி தின்றால் மருந்து முறிந்து உடம்பையே திருப்பி அடிக்கும், கறி தின்றுவிட்டால் மூன்று நாளைக்கு மருந்தைத் தொடக்கூடாது. இது எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். அந்த நாட்களில் எனக்குக் காவலாக வாசலில் உட்கார்ந்திருந்தவரே அண்ணன்தான். ஒரு கருவாட்டுத் துண்டுக்காக அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். இத்தனையும் தெரிந்த நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் பத்தியத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் நான் புத்தகத்தைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வந்தவள் இல்லையே.

அடுத்த மாதம் என் சின்ன மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்து, கிடா வெட்டி, காது குத்துவதாக வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் ஒரு மாதமாக அதே பேச்சாக இருந்தார். புது வேட்டி, புது சட்டை, பிள்ளைக்குத் தோடு, சீர்த்தட்டு எல்லாம் அவரே அலைந்து வாங்கினார். நெஞ்சில் ஸ்பிரிங் வைத்த ஆள் வெயிலில் அலையக்கூடாது என்று அதற்கும் திட்டினேன்.

மடியில் உட்கார்ந்த பிள்ளை ஊசியைப் பார்த்ததும் திமிறிக்கொண்டு அழுதது. அண்ணன் அதன் கண்ணைப் பொத்தி, காதோரமாக என்னவோ சொல்லிச் சொல்லி அடக்கினார். குத்தி முடித்தபோது பிள்ளையைவிட அவர் கண்தான் அதிகம் கலங்கியிருந்தது. பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஈரலும் தொடைக்கறியுமாகப் பார்த்து வைத்தேன். அண்ணன் இலையைப் பார்த்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"திங்கலாமா பாப்பா?"

"இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தாய்மாமன் கை நனைக்காம யாரு நனைக்கறது? தின்னுண்ணா."

அவர் சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர் என்னவோ கேலி செய்ய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்த நேரத்தில் யாரோ எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. அதைத் திறக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் வியாழக்கிழமை மாத்திரை கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். பி.பி. ஒழுங்காக இருந்தது. "அட்டை எங்கே?" என்று கேட்டதும் எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு குழியில்கூட மாத்திரை மிச்சமில்லை. வெள்ளை, ரோஸ் இரண்டும் காலி. "பாத்தீங்களா, சொந்த அண்ணனா இருந்தாலும் அட்டை காட்டினாத்தான்" என்று அண்ணியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அண்ணி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன், "பாப்பாவுக்கு டீ போடு, வெயில்ல வந்திருக்குது" என்றார். டீயைக் குடித்துவிட்டு, படிவத்தில் அவர் பெயருக்கு நேராக டிக் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடுத்த தெருவில் நான்கு வீடு பாக்கி இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போன அண்ணன் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே நர்ஸ் கேட்டார், "மாத்திரையெல்லாம் விடாமப் போடறாருங்களா?"

"ஒரு நாள்கூட விடலைங்க சிஸ்டர். நேத்துத்தான் நானே அட்டையைப் பாத்தேன்."

போனில் தர்மபுரி டாக்டரும் அதையே கேட்டார். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் போனுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன், "விடாமப் போடறாருங்க." கட்டிலில் படுத்திருந்த அண்ணன் என் பக்கம் தலையைத் திருப்பினார். முகமெல்லாம் வியர்வை. "பாப்பா..." என்று ஆரம்பித்து என் முந்தானையைப் பிடித்தார். நான் அவர் கையை எடுத்து நெஞ்சோரம் வைத்து, "பேசக் கூடாதுண்ணா, பேசாமப் படு" என்று அதட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் தர்மபுரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

அவர் சொல்ல வந்தது அதுதானா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. ராத்திரி பகல் என்றில்லாமல் எந்த நேரத்திலும் அந்தக் கை என் முந்தானையைப் பிடிக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் எல்லோரும் போன பிறகு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் பந்தல்காரரோடு வெளியே நின்றிருந்தான். அண்ணி அலமாரியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா பாப்பா. கவர்மெண்ட்டு மருந்து. வீணாப் போவ வேண்டாம், வேற யாருக்காச்சும் குடுத்துரு."

மூடியைத் திறந்தேன். உள்ளே மாத்திரைகள். பன்னிரண்டு வெள்ளை, பன்னிரண்டு ரோஸ். எனக்கு உடனே புரியவில்லை என்று சொன்னால் அது பொய். புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன அண்ணி இது?"

"உங்கண்ணன் போடாதது. காதுகுத்துல கறி தின்னாருல்ல, மூணு நாளு மாத்திரை வேண்டாம்னாரு. நாலாம் நாளு எங்கம்மா ஊர்ல மாரியாத்தா நோம்பி, அங்கேயும் கிடா. அப்புறம் அந்த ஞாயித்துக்கெழம எங்க மாமா வூட்டுல விருந்து. கறி தின்னா மாத்திரை முறிஞ்சிரும்னு நீயே சொன்னியே. அதனால எல்லாத் தீனியும் ஒரு வழியா முடியட்டும், வெள்ளிக்கெழம நல்ல நாளாப் பாத்து ஆரம்பிச்சுக்கறேன்னாரு."

"அட்டை காலியா இருந்துச்சே அண்ணி."

"அது நீ வர்றதுக்கு முன்னால உக்காந்து ஒவ்வொண்ணாப் பிச்சு எடுத்தாரு. பாப்பா ஊருக்கெல்லாம் சொல்லுது, சொந்த அண்ணன் அட்டையே காலியாவலைன்னா மேலே இருக்கறவங்களுக்குப் பாப்பா என்னன்னு பதில் சொல்லும்னாரு. திட்டுக்கும் பயந்தாரு. தூக்கிப் போட மனசு வரல, அரசாங்கத்து மருந்தாச்சே. அதான் டப்பாவுல போட்டு வெச்சாரு."

அண்ணி இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. இன்ன நாளில் மழை பெய்தது, இன்ன நாளில் மாடு ஈன்றது என்று சொல்வதைப்போலச் சொன்னார். ஈரத் துடைப்பம் அவர் கையில் அப்படியே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சட்டம், என் வாய், என் வீட்டுக் கிடா, நான் வைத்த ஈரல். இதில் அடுத்தவர் மேல் பழி போட ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணி பயந்துபோய், "என்ன பாப்பா, அந்த மாத்திரை போட்டிருந்தா எதாவது ஆவாம இருந்திருக்குமா?" என்று கேட்டார். நான் டப்பாவை மூடி மாத்திரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சுகாதார நிலையத்து டாக்டரிடம் அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேட்டேன். அன்றைக்கு நான் தப்பான தகவல் சொன்னதால்தான் அண்ணன் போனாரா என்று கேட்டேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், என் கண்ணைப் பார்க்கச் சிரமப்பட்டார். "கட்டில்ல படுத்தப்புறம் நீங்க எதைச் சொல்லியிருந்தாலும் பெருசா மாறியிருக்காதுங்க" என்றார். பிறகு, "அவரு நிறுத்தின அன்னைக்கே நமக்குத் தெரிஞ்சிருந்தா மாறியிருக்கும்" என்றார். ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தார், ஆனால் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அந்த மாதக் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன் மேல் போன் வந்தது. என் காலி அட்டை முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம், நான் எழுந்து நின்று விளக்க வேண்டுமாம். அப்போது போகாமல் இருக்க முடியவில்லை. இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் உட்கார்ந்து மாத்திரையைப் பிச்சு எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எழுந்து நின்றேன். மேஜைமேல் பவுடர் டப்பாவை வைத்தேன். "என் படிவம் பொய்யிங்க" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. கோழிக்குழம்பு, பத்தியம், காதுகுத்து, அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கண்ணன் எனக்குப் பயந்துதான் செத்தாருங்க" என்று சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் சேலையைப் பிடித்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "இனிமே யாரும் அட்டை கேக்காதீங்க. காலி அட்டையில மாத்திரை எங்க போச்சுன்னு எழுதியிருக்காது" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து மலையூர் ஒன்றுக்குப் போய்வருகிற பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். அவள் ஊரில் கோயிலுக்குக் காப்புக் கட்டினால் நோம்பி முடியும்வரைக்கும் ஒருவரும் ஆஸ்பத்திரி மாத்திரையைத் தொடுவதில்லையாம். அவளுக்கு அது தெரியுமாம், ஆனால் படிவத்தில் எழுத இடமில்லை என்று விட்டுவிட்டாளாம். இன்னொருத்தி தன் மாமியாரே அமாவாசை விரதத்தன்று சாயங்காலம்வரை பி.பி. மாத்திரை போடுவதில்லை என்றாள். ஒவ்வொருவரும் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல அந்த அறையில் இருந்த அத்தனை பேரின் படிவமும் என் படிவம் மாதிரிதான் என்று ஆயிற்று. வட்டார மருத்துவ அலுவலர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டிருந்தார். "படிவத்தை மாத்த என்னால முடியாது, அது மேலேயிருந்து வர்றது" என்றார் கடைசியில். "பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு. விட்ட நாள், ஏன் விட்டாங்க, ரெண்டையும் பென்சில்ல எழுதிட்டு வாங்க. யாரையும் ஒரு வார்த்தை திட்டாதீங்க. நானும் உங்களைத் திட்ட மாட்டேன்."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்து, உண்மையைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும் என்றார்கள். கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. பெரிய மனசு இருந்தவர் என் அண்ணன். எனக்கு இருந்தது பெரிய வாய்.

இப்போது நான் "போட்டீங்களா?" என்று கேட்பதில்லை. திண்டாட்டமாகத்தான் இருந்தது முதலில். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "இந்த மாசம் எத்தனை நாளு விட்டுப்போச்சுங்க?" என்று கேட்கிறேன். விடுவது சகஜம் என்பதைப்போலக் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் யாரும் என்னை நம்பவில்லை. இந்தப் பொம்பளை வலை விரிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது மாதத்தில்தான் வாய் திறந்தார்கள். மஞ்சப்பையில் அட்டை மாட்டிவைத்த பெரியவர், வாரத்துக்கு இரண்டு நாள்தான் போடுவதாகச் சொன்னார். மற்ற நாள் மாத்திரையை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுப்பாராம், அந்தம்மாவுக்கும் தலை சுற்றுகிறது, ஆனால் சுகாதார நிலையத்துக்கு வந்து காட்ட வெட்கமாம். அந்தம்மாவுக்குத் தனியாக மாத்திரை ஏற்பாடு செய்தோம். கறி தின்றாலும் மாத்திரை போடலாம், போட வேண்டும், இது முறியாத மருந்து என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வருகிறேன். சில வீட்டில் கறிக்குழம்பு ஊற்றிய தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நானே மாத்திரையைப் போடவைத்துக் காட்டியிருக்கிறேன். என் படிவத்தின் முன்பக்கம் இப்போது பார்க்க நன்றாக இல்லை. பின்பக்கம் பென்சில் எழுத்தால் நிறைந்திருக்கிறது. ஸ்பிரிங் வைத்த மூன்று பேர் மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாளே அவர்கள் வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது, போய்த் திரும்பப் போடவைத்தேன். மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. வயிறுதான் எரிகிறது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் போனதிலிருந்து அண்ணிக்கும் ரத்தக்கொதிப்பு. ஆக, அந்த வீட்டுக்கு நான் மாதாமாதம் போகத்தான் வேண்டியிருக்கிறது. போன வாரம் போனேன். பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தால் பி.பி. ரொம்ப ஏறியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அண்ணி சொன்னார்.

"நாலு நாளாப் போடல பாப்பா."

"மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறந்தெல்லாம் போவல. போட்டு என்ன ஆவப்போவுதுன்னு இருந்துச்சு. போடல."

அட்டையை எடுத்து மடியில் வைத்தார். நான்கு மாத்திரையும் குழிக்குள் அப்படியே இருந்தன. அவர் ஒளிக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. நான் உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அன்றைக்கு உண்டானதை ஒன்று பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டார். நான் தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, படிவத்தின் பின்பக்கம் நான்கு நாள் என்று பென்சிலில் எழுதிக்கொண்டேன்.

இப்படிப் போடவில்லை என்று அண்ணன் அந்த வியாழக்கிழமை சொல்லியிருந்தால் தெருவே வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தியிருப்பேன். நிச்சயம் கத்தியிருப்பேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முழுசும் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார். என் எதிரிலேயே இரண்டு மாத்திரையையும் விழுங்கியிருப்பார். போன வாரம் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேராக உட்கார்ந்திருப்போம்.